புது மாப்பிள்ளைக்கு ஏன் இந்த மூச்சுவாங்கல்?

கேள்வி: மகளின் கல்லூரிப் படிப்புக்காகப் போன வாரம்தான் புது லேப்டாப் வாங்கினேன். ஆன் செய்துவிட்டு, காபி போட்டுக் குடித்து, டம்ளரையும் கழுவி வைத்த பிறகுதான் திரை வருகிறது. ஏமாந்துவிட்டேனா சார்?

பதில்: உடனே மனம் தளராதீர்கள். புதுவீட்டில் முதல் வாரம் மூட்டைமுடிச்சைப் பிரித்து அடுக்கவே பொழுது போய்விடும் அல்லவா? விண்டோஸும் முதல் சில நாட்கள் அப்டேட்களை இறக்கிக்கொண்டும், கோப்புகளுக்கு அட்டவணை போட்டுக்கொண்டும் இருக்கும். சார்ஜரில் போட்டு, வைஃபையோடு ஓர் இரவு விட்டுவையுங்கள்.

அப்படியும் தவழ்ந்தால் கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூன்றையும் சேர்த்து அழுத்துங்கள். டாஸ்க் மேனேஜர் திறக்கும். அதில் 'ஸ்டார்ட்அப்' பகுதியைப் பார்த்தால், அழைக்காமலே பந்தியில் உட்கார்ந்திருப்பவர்கள் எல்லோரும் தெரிவார்கள். வேண்டாதவர்களை 'டிசேபிள்' செய்து எழுப்பிவிடுங்கள். சோதனைக்கால ஆன்டிவைரஸ் இருந்தால் அதையும் நீக்கலாம். விண்டோஸின் சொந்த டிஃபெண்டர் காவலுக்கு வந்துவிடும்.

அடுத்து 'பெர்ஃபாமன்ஸ்' பகுதி. ராம் 4 ஜிபி என்று காட்டினால் நோய் அங்கேதான். விண்டோஸ் 11 கேட்கும் குறைந்தபட்ச அளவு அது. உயிர் வாழப் போதும், உழைக்கப் போதாது. 8 ஜிபியாவது வேண்டும். டிஸ்க் 'எச்டிடி' என்றிருந்தால் எஸ்எஸ்டி போடுங்கள், முதல் நாளே வித்தியாசம் தெரியும். சில மாடல்களில் ராமைப் போர்டிலேயே பற்றவைத்திருப்பார்கள், மாற்ற வழியில்லை. உங்களுடையது அந்த ரகம் என்றால், பில்லை எடுத்துக்கொண்டு இன்றே கடைக்குக் கிளம்புங்கள். படிப்பு முடியும்வரை அந்தப் பெண் அதோடுதானே உட்கார வேண்டும்!