நானே அடித்த வெள்ளை

பொங்கலுக்கு ஒரு வாரம் இருக்கும்போது, "சுவருக்கு வெள்ளையடிக்க ஆள் எதற்கு? நானே அடிக்கிறேன்" என்று சொல்லிவிட்டேன். பி.எஸ்ஸி. வேதியியல் படித்த திமிர்.

சுட்ட சுண்ணாம்புக் கட்டி ஐந்து கிலோ வாங்கினேன். "தொட்டியில தண்ணிய விட்டு, கட்டியக் கொஞ்சங் கொஞ்சமா போட்டு, ராத்திரி பூரா ஊற விடுங்க சார்" என்றார் கடைக்காரர். சமன்பாடு தெரிந்தவனுக்கே செய்முறையா? சுண்ணாம்புக் கல்லை 900 டிகிரி வாக்கில் சுட்டால் 100 கிலோவில் 44 கிலோ கரியமில வாயுவாகப் பறந்துவிடும் என்பதில் தொடங்கி, 1808-இல் ஹம்ப்ரி டேவி கால்சியத்தைத் தனியே பிரித்தது வரை அவருக்கு விளக்கினேன். அவர் சில்லறை எண்ணிக்கொண்டிருந்தார்.

வீட்டில் கட்டிகளைப் பிளாஸ்டிக் வாளியில் கொட்டி, மேலே ஒரு செம்பு தண்ணீர் ஊற்றினேன். சத்தமே இல்லை. உறிஞ்சிக்கொண்டு சாதுவாய்க் கிடந்தது. மட்டமான சரக்கோ என்று குனிந்தேன். 'உஸ்' என்றது. கட்டி விரிசல் விட்டு, பொரி மாதிரி மலர்ந்து உடைந்தது. ஆவி வந்து மூக்குக்கண்ணாடியை மறைத்தது. பதறி ஒரு குடம் தண்ணீரையும் கவிழ்த்தேன். ஒரு கிலோ சுண்ணாம்பு நீறுகிற சூட்டில் மூன்று லிட்டர் தண்ணீர் கொதித்துவிடும். பரீட்சையில் இந்தக் கணக்குக்கு எனக்கு முழு மார்க். வாளி அதை மதிக்கவில்லை. ஒரு பக்கம் இளகி வயிறு சரிந்தது, முற்றமெல்லாம் பாலாறு. கண் தப்பியது கண்ணாடி புண்ணியம்.

"அது எங்கம்மா சீரா குடுத்த வாளி" என்றாள் மனைவி.

மிஞ்சியதைத் தொட்டியில் அள்ளி ஊறவைத்து, கஞ்சியும் நீலமும் கலந்து, மறுநாள் மட்டையை எடுத்தேன். அடித்த இடத்தில் ஈரம்தான் தெரிந்தது. சுண்ணாம்பு காயக் காயத்தான் வெளுக்கும். அப்புறம் காற்றிலிருக்கும் கரியமில வாயுவைக் குடித்து, நாள் கணக்கில் மெல்லத் திரும்பக் கல்லாகும். இது எனக்குத் தெரியாதா? தெரியும். ஆனாலும் பழுப்புச் சுவர் பல்லிளித்தால் யாருக்குப் பொறுக்கும்? தோசைமாவுப் பதத்தில் கெட்டியாக அப்பினேன். காலையில் சுவர் கண்ணைப் பறித்தது. மத்தியானம் ஏடு ஏடாய் உரிந்தது.

பொங்கலன்று பெரிய மாமா வந்தார். அந்தச் சுவரில் சாய்ந்து இரண்டு மணி நேரம் ஊர்க்கதை பேசினார். எழுந்தபோது அவர் அளவுக்குச் சுவரில் பழுப்பு; அவர் முதுகில் பளிச்சென்று வெள்ளை.

மாமியார் வெற்றிலைப் பெட்டியிலிருந்து துளி சுண்ணாம்பு எடுத்து மஞ்சள் தண்ணீரில் கரைத்தார். தட்டு ரத்தச் சிவப்பாய் மாறியது. அந்த வாரத்தில் சொன்னபடி நடந்த ஒரே வினை அதுதான்.

"ஆலம் யாருக்கு அத்தை?"

"கிழக்கப் பாத்து நில்லுங்க மாப்பிள்ளை. இவ்வளவு படிச்சவருக்குக் கண்ணு படாமலா இப்படி ஆயிருக்கும்?"

தட்டைப் பிடித்துக்கொண்ட மனைவி முகத்தை அந்தப் பக்கம் திருப்பிக்கொண்டாள். தோள் மட்டும் குலுங்கிக்கொண்டிருந்தது.