கையடக்கப் பேட்டரி டிரில்லும் வாடகைச் சுவரும்: பெங்களூரு தரவுகளை முன்வைத்து ஓர் ஆய்வு

பெங்களூரு வீடுகளில் பேட்டரி டிரில்லின் இடம் குறித்து இதுவரை முறையான ஆய்வு நிகழவில்லை என்பதை, முறைப்படி எதையும் தேடிப் பாராமல், இக்கட்டுரை முதற்கண் நிறுவுகிறது. ஆய்வுப் பரப்பு: ஒரு கூடம், இரண்டு படுக்கையறை. ஆய்வு எல்லை: குளியலறை வாசல். அதற்கு அப்பால் தண்ணீர்க் குழாய் எங்கே ஓடுகிறது என்பது கட்டிய மேஸ்திரிக்கே தெரியாது. முதன்மைச் சான்று: டிரில். துணைமைச் சான்று: எலக்ட்ரீஷியன்.

வரலாறு சொல்லாமல் ஆய்வு நகராது. 1895-இல் ஸ்டுட்கார்ட்டின் ஃபைன் நிறுவனம் மின்சாரக் கை டிரில்லைச் செய்தது. 1917-இல் பிளாக் அண்ட் டெக்கர் துப்பாக்கிப் பிடியும் விசையும் வைத்துக் காப்புரிமை பெற்றது. 1961-இல் ஒயரையும் அறுத்தெறிந்தது. இதற்கெல்லாம் ஈராயிரம் ஆண்டுகளுக்கு முன்பே கொடுமணலில் நாம் கல்மணிகளைத் துளையிட்டோமே என்று கருத்தரங்குதோறும் ஒருவர் எழுந்து நிற்பார். துளையிட்டது உண்மை. ஆனால் வில்லால் சுழற்றித் துளையிட்டிருந்தால் அதில் நாண் இருந்திருக்கும். நாண் உள்ளதை ஒயரில்லாக் கருவி எனலாமா என்பதைச் சாப்பாட்டுக்குப் பிந்தைய அமர்வில், தலைவர் கண்ணயர்ந்த பிறகு, தீர்மானித்துக்கொள்ளலாம்.

இனி வோல்ட். பெட்டிமேல் 12 என்றிருக்கும். உள்ளே இருப்பவை 3.6 வோல்ட் செல்கள் மூன்று, கூட்டினால் 10.8. முழுதாக சார்ஜ் ஏறியதும் சற்று நேரம் 12-ஐத் தொட்டுவிட்டு இறங்கும். 20 வோல்ட் என்று விற்பதும் இதே கணக்கில் 18தான். பேராசிரியர்கள் தம் வெளியீடுகளை எண்ணிக் காட்டுவதும் முழு சார்ஜில்தான்.

முறுக்குவிசை: போதும்.

எடை: ஒரு கிலோவைச் சுற்றி. ஸ்டூல்மேல் ஏறியதும் கூடும்.

ஆய்வாளர்கள் டிரில்லையே ஆராய்ந்து சுவரைக் கைவிட்டதுதான் இத்துறையின் பெருங்குறை. செங்கல்லும் ஹாலோ பிளாக்கும் சின்ன டிரில்லுக்கு வழிவிடும். சாலிட் பிளாக், ஹேமரில் போட்டு 6 மி.மீ. பிட்டைப் பிடித்தால், முனகிக்கொண்டு இடம் கொடுக்கும். பழைய வீடுகளின் சைஸ் கல் சுவர், அதாவது பாறையை அளவாக வெட்டி அடுக்கியது, வேறு ரகம். லால்பாக் பாறைக்கு வயது ஏறத்தாழ 300 கோடி ஆண்டு; அதன் உறவினரிடம் மூன்று செல்லோடு போய் நிற்பது மரியாதையில்லை. புதிய அடுக்ககங்களில் மைவான் சுவர்: அலுமினிய அச்சில் வார்த்த முழுக் கான்க்ரீட். சின்ன டிரில்லின் 'ஹேமர்' என்பது பல்வைத்த இரண்டு தட்டுகள் உரசி எழுப்பும் நடுக்கம் மட்டுமே. கான்க்ரீட்டுக்கோ, உள்ளே பிஸ்டன் ஓங்கி அடிக்கும் எஸ்.டி.எஸ். மெஷின் வேண்டும். ஆடுகோடியில் ஸ்பார்க் பிளக் செய்த பழைய மைக்கோதான் டிரில்லும் விற்கும் இன்றைய பாஷ் என்பதால் அந்தப் பக்கத்துச் சுவர்கள் டிரில்லுக்கு இணங்கிப்போகும் என்ற கருத்து (டீக்கடை, நின்றவாக்கில்) ஏற்கத்தக்கதன்று.

சுவரைவிடக் கடினமானது அட்வான்ஸ். பத்து மாத வாடகையை அட்வான்ஸாக வாங்குவது இவ்வூரின் நெடுநாள் வழக்கம். காலி செய்கையில் பெயின்ட்டுக்கென்று ஒரு மாதம் போகும். ஓட்டை இருந்தாலும் போகும், இல்லாவிட்டாலும் போகும். எனவே ஓட்டையின் விலை பூஜ்யம் என நிறுவலாம். அப்படி நிறுவியவர்கள், ஓனர் டார்ச் லைட்டுடன் வருவதைக் கருத்தில் கொள்ளவில்லை.

ஓட்டையை அடைப்பதில் மூன்று கொள்கைகள் உண்டு. பற்பசைக் கொள்கையே மூத்தது (எதிர்வீட்டு மாமி, கதவிடுக்கு உரை). சுவர் ஐவரி, பேஸ்ட் வெள்ளை என்பது இதன்மேல் வைக்கப்படும் தடை. ஜெல் பேஸ்ட் உட்பிரிவினர் நீலத்தில் அடைத்துவிட்டு வரலாற்றிலிருந்து மறைந்தனர். வெள்ளை சிமென்ட் கொள்கையினர் பட்டி பார்த்து உப்புத்தாளும் தேய்ப்பர், தேய்த்த இடம் மட்டும் பளிச்சென்று நின்று காட்டிக்கொடுக்கும் (மேல்மாடி மென்பொருளாளர், லிஃப்ட் நேர்காணல், தரைத்தளம் முதல் மூன்றாம் தளம்வரை, எஞ்சிய பகுதி மின்வெட்டில் சிதைந்தது). மூன்றாவது காலண்டர் கொள்கை: ஓட்டைமேல் காலண்டரை மாட்டி, அன்பளிப்பு என்று விட்டுவிட்டு வருவது. ஓனர் அதைத் தூக்கிப் பார்த்து "ஏனு இது?" என்று மூல மொழியிலேயே கேட்பார், உரையாசிரியர் தேவையில்லை. மூன்றையும் மறுத்து, சொந்தமாக ஓட்டையே போடாதீர்கள் என்பவரும் உளர் (எலக்ட்ரீஷியன், 'வந்துட்டே இருக்கேன் சார்', கைப்பேசி வாய்மொழி, முதற்பதிப்பு காலை பத்து மணி, திருத்திய பதிப்பு மதியம் மூன்று, மலிவுப் பதிப்பு மறுநாள்).

முடிவுகள்: கதவுக் கீல், திரைச்சீலைக் கம்பி, பிரித்து அனுப்பும் மரச்சாமான், செங்கல் அல்லது பிளாக் சுவர், இவ்வளவுதான் வேலை என்றால் 12 வோல்ட் டிரில் தாராளம். இரண்டு பேட்டரி கொண்ட பெட்டியாகப் பார்த்து வாங்குங்கள். மைவான் சுவரென்றால் அந்தப் பணத்தை வீணாக்காமல் எஸ்.டி.எஸ். வைத்திருக்கும் எலக்ட்ரீஷியனைக் கூப்பிடுங்கள். வருகிறேன் என்று அவர் சொன்னதும் இன்னொருவரையும் கூப்பிட்டு வையுங்கள்.