திரை விலக்கப் போற மருமகனுக்கு

வாங்க மருமகனே, வாங்க! ராத்திரி கோயில் திண்ணையில நீங்க பெரியபுராணத்துக்கு உட்பொருள் சொன்னதை நானும் கேட்டேன். இளையான்குடி மாறநாயனாரோட வயல்னா மனசாம், விதைநெல்லுன்னா ஞானமாம், மழைன்னா திருவருளாம். அடேயப்பா! கேட்டவுக கண்ணெல்லாம் தண்ணி. என் கண்ணுலயும் வந்துச்சு, கொட்டாவி விட்டதுல.

பெரியபுராணம் பாடுன சேக்கிழாருக்குப் பொருள் சொல்ல நான் யாரு? எனக்குத் தெரிஞ்சது விதைநெல்லு ஒண்ணுதான். முளைகட்டிப் பகல்ல சேத்துல விதைச்ச நெல்லை அன்னைக்கு ராத்திரியே வாரிக்கிட்டு வந்தா, அந்த வெள்ளாமைக்கே முழுக்குன்னு அர்த்தம். கொட்டுற மழை, கும்மிருட்டு, தலையில கூடை. காலால தடவித் தடவித்தான் அந்த நெல்லை வார வயலுக்குப் போனாரு மாறநாயனாரு. விறகில்லைன்னதும் கூரையிலயே கை வச்சுட்டாரு. அவரு சம்சாரம் ஈரநெல்லை வறுத்து, குத்தி, சோறாக்குச்சு. எல்லாம் வாசலுக்கு வந்த ஒரு அடியாரோட பசிக்கு. உங்க உட்பொருள்ல அந்தச் சேறு ஒரு பொட்டுகூட ஒட்டலையே மருமகனே, வேட்டி வெள்ளை வெளேர்னு இருக்கு! நீங்க ஞானமழை பொழிஞ்சப்போ தூணோரம் ஒரு கிழவி வெறும் வயித்தோட உக்காந்திருந்துச்சே, கவனிச்சீகளா? நீங்கதான் கண்ணை மூடி உள்ளே பாத்துக்கிட்டு இருந்தீக.

உள்ளே பாக்க வேணாம்னு சொல்லலை. வடலூர் வள்ளலாரைவிடவா நாம பாத்துட்டோம்? சத்தியஞான சபையில ஏழு திரை போட்டு, அதை விலக்குனாத்தான் ஜோதின்னு வச்சாரு. புராணம் இதிகாசமெல்லாம் உண்மையை மறைச்சுத்தான் சொல்லுதுன்னு 1873-ல மேட்டுக்குப்பத்துல கொடியேத்திட்டுப் பேசினாரு. உங்களுக்குப் பிடிச்ச சங்கதிதான். ஆனா வருசக் கணக்கைக் கொஞ்சம் பாருங்க. ஜோதி காட்டுன சபை 1872. சோறு போடுற தருமசாலை 1867. அடுப்பு மூட்டி அஞ்சு வருசம் கழிச்சுத்தான் ஜோதிக்கே முறை வந்துச்சு. அந்த அடுப்பு இன்னிக்கும் அணையலை. சீவகாருண்யம்தான் மோட்ச வீட்டுக்குச் சாவின்னு அவரு எழுதியே வச்சுட்டுப் போனாரு. நீங்க சாவியைத் தொடாம பூட்டோட அழகை வர்ணிக்கிறீக.

கருணை உள்ளே ஊறணும்னா ஒரு வழி சொல்றேன், தட்சணை வேணாம். உங்களுக்கு வச்ச சோத்துல பாதியை அடுத்தவுக இலையில வைக்கிறப்போ மனசு லேசா இழுக்கும், ‘நமக்குப் பத்துமா?’ன்னு. அந்த இழுப்புதான் மருமகனே முதல் திரை. அதைக் கண்டுபிடிக்க ஏடு வேணாம், ஒரு பசிச்ச ஆளு போதும். இழுக்க இழுக்க வச்சுக்கிட்டே வந்தீகன்னா ஒருநாள் இழுக்காது. அன்னைக்குப் பெரியபுராணத்தை எடுத்துப் படிங்க; உட்பொருளை யாரும் உங்களுக்குச் சொல்லித்தர வேண்டியிருக்காது.

விதைநெல்லைக் கேக்கலை, கூரையையும் பிரிக்க வேணாம். அடுத்த கதாகாலட்சேபத்துக்கு முந்தி பத்துப் பேருக்குச் சோத்தைப் போட்டுட்டு அப்புறம் பேசுங்க. நானும் கொட்டாவி விடாமக் கேக்குறேன்.