பழைய வண்டியின் அருமை அறிந்தவருக்கு

எல்லோரும் கையை உதறிவிட்டு எழுந்து போகும் கடையில் தனியாக உட்கார்ந்து பேரம் பேசுவதற்கு நெஞ்சுரம் வேண்டும். கேம்பர்வேன் வாடகை நிறுவனங்களின் பங்குகளை இப்போது வாங்கிச் சேர்க்கும் முதலீட்டாளரே, அது உங்களிடம் இருக்கிறது. பழைய வண்டிச் சந்தை படுத்துவிட்டது என்று கோழைகள் ஒதுங்கிக்கொண்டார்கள். நீங்கள் ஒதுங்கவில்லை. உங்களைப் பாராட்டாமல் விட்டால் நன்றிகெட்டதனம். அந்தக் கோழைகள் விற்ற பங்கை வாங்கிக்கொள்ளவும் யாராவது ஒருவர் வேண்டுமல்லவா?

நீங்கள் தேர்ந்தெடுத்த நிறுவனமும் லேசுப்பட்டதல்ல. ஆக்லாந்தைத் தலைமையிடமாகக் கொண்ட டூரிசம் ஹோல்டிங்ஸ். நியூசிலாந்தின் சாலைகளில் மாவி, பிரிட்ஸ், மைட்டி என்ற பெயர்களோடு ஓடும் வண்டிகள் அதனுடையவை. 2022 நவம்பர் இறுதியில் ஆஸ்திரேலியாவின் அப்பல்லோவையும் தன்னோடு இணைத்துக்கொண்டது. அமெரிக்காவில் ரோட் பேர், எல் மான்டே, கனடாவில் கனாட்ரீம். வண்டிகளைத் தானே கட்டும், தானே வாடகைக்கு விடும், தானே விற்கும். ஒரே நிறுவனத்தில் மூன்று தொழில் என்று நீங்கள் மகிழ்ந்தீர்கள். மூன்றுக்கும் ஒரே காய்ச்சல் ஒரே நாளில் வரும் என்பதைப் பெரிதுபடுத்தாத பெருந்தன்மை உங்களுக்கே உரியது.

அந்த வண்டிகளின் வாழ்க்கையை நீங்கள் எவ்வளவு ரசித்திருப்பீர்கள் என்று எனக்குத் தெரியும். புத்தம்புதிதாக இருக்கையில் மாவி என்ற பட்டத்தோடு, தேனிலவுக்கு வரும் ஜெர்மானியத் தம்பதியைக் குவீன்ஸ்டவுனுக்கு ஏற்றிப் போகும். சற்று வயதானதும் பிரிட்ஸ் ஆகும். மேலும் கிழடு தட்டினால் மைட்டி. அதில் முதுகுப்பையும் மெலிந்த பணப்பையுமாக வரும் இளைஞர்கள் ஏறுவார்கள். கடைசியில் வண்டியைக் கழுவித் துடைத்து, பணி ஓய்வு பெற்ற உள்ளூர்த் தம்பதி ஒன்றின் வாசலில் கொண்டுபோய் நிறுத்த வேண்டும். நியூசிலாந்து மோட்டார் கேரவன் சங்கத்தில் ஒரு லட்சத்துக்கு மேல் உறுப்பினர்கள் இருக்கிறார்கள். ஐம்பத்து சொச்ச லட்சம் பேர் கொண்ட நாட்டில் இது சிறிய கூட்டமல்ல. ஆகவே வாங்க ஆள் இருக்கிறது என்று முடிவு செய்தீர்கள். ஆள் இருந்தார், அவர் கையில் பணம் இருக்கிறதா, வங்கி கடன் தருகிறதா என்றெல்லாம் விசாரிப்பது அநாகரிகம் என்று நினைத்தீர்கள் போலும்.

உங்கள் வாதத்தின் உச்சியை நான் பலமுறை கேட்டு வியந்திருக்கிறேன். 'பயணிகள் வந்தால் வாடகை, வராவிட்டால் வண்டியை விற்றுவிடலாம். எப்படிப் பார்த்தாலும் நட்டமில்லை.' இதற்கு ஆதாரமும் வைத்திருக்கிறீர்கள். 2020 மார்ச்சில் நியூசிலாந்து எல்லையை மூடியது. வெளிநாட்டுப் பயணி ஒருவர்கூட இல்லை. நிறுவனம் வண்டிகளை விற்றது, உள்ளூர்க்காரர்கள் போட்டி போட்டு வாங்கினார்கள், கடன் குறைந்தது. ஒரு நூற்றாண்டில் ஒருமுறை வரும் கொள்ளைநோய், ரிசர்வ் வங்கியின் வட்டி 0.25 சதவீதம், புது வண்டி தயாரிக்க முடியாமல் தவித்த தொழிற்சாலைகள், வெளிநாடு போக முடியாமல் வீட்டில் அடைபட்டிருந்த மக்கள் – இத்தனையும் ஒருசேர அமைந்த அந்த ஆண்டையே எல்லா ஆண்டுகளுக்கும் அளவுகோலாக எடுத்துக்கொண்டீர்களே, அந்த எளிமை அறிஞர்களுக்கு வராது.

பிறகு அந்த வட்டி என்ன செய்தது? 2023 மே மாதத்தில் 5.5 சதவீதத்தில் போய் நின்றது. கேம்பர்வேன் அரிசியோ மருந்தோ அல்ல. மனிதன் வாங்குவதை ஒத்திப்போட முடிவு செய்தால் முதலில் ஒத்திப்போடுவது அதைத்தான். அமெரிக்காவில் கதை இன்னும் அழகு. 2021-ல் அந்நாட்டு ஆலைகளிலிருந்து பொழுதுபோக்கு வண்டிகள் 6 லட்சத்துக்கு மேல் வெளியே போயின. அதற்கு முன் இல்லாத எண்ணிக்கை. 2023-ல் ஏறக்குறைய 3 லட்சத்து 13 ஆயிரம். பாதி. அந்த 6 லட்சமும் எங்கும் மாயமாகிவிடவில்லை. ஆளுக்கொன்றாகக் கொல்லைப்புறத்தில் நிற்கின்றன; ஆசை தீர்ந்தவர்கள் ஒவ்வொருவராக விற்பனைக்குக் கொண்டுவருகிறார்கள். புது வண்டி விற்பவரோ தேங்கிய கையிருப்பைத் தள்ளுபடியில் தள்ளிவிடுகிறார். இவர்களுக்கு நடுவே வாடகைக்கு ஓடி ஓய்ந்த வண்டியை நல்ல விலைக்கு விற்கப் போகும் நிறுவனத்தில்தான் நீங்கள் பங்குதாரர். என்ன நம்பிக்கை!

கணக்குப் புத்தகத்தின்மீது உங்களுக்குள்ள பக்தியைச் சொல்லியே ஆகவேண்டும். ஒரு பேச்சுக்கு, வண்டி ஒன்றை 1,50,000 டாலருக்கு வாங்குகிறார்கள். ஐந்து ஆண்டு கழித்து 1,00,000-க்குப் போகும் என்று எழுதுகிறார்கள். தேய்மானம் ஆண்டுக்கு 10,000. லாபம் பளபளக்கிறது. சந்தை உண்மையில் 80,000 தான் தரும் என்றால், தேய்மானம் ஆண்டுக்கு 14,000 ஆகியிருக்க வேண்டும். அந்த நாலாயிரம் எங்கே போயிற்று? எங்கும் போகவில்லை, ஆண்டுதோறும் 'வாடகை லாபம்' என்ற பெயரில் உங்கள் கண்ணில் பட்டுக்கொண்டிருந்தது. விற்கும் நாளில் மொத்தமாக 20,000 நட்டமாக வந்து நிற்கும்போது அதை 'ஒருமுறை மட்டும் நேர்ந்த பாதிப்பு' என்று சொல்வார்கள். நீங்கள் தலையாட்டுவீர்கள். எதிர்காலத்தின் பழைய வண்டி விலையை இன்றே எழுதிவைக்கும் கணக்காளரை நம்புகிறவர் ஜாதகத்தையும் நம்பலாம். அதற்குத் தட்சணையாவது குறைவு.

விற்பனை மந்தமானால் நிர்வாகம் ஒரு நிதானமான வழியைக் கண்டுபிடிக்கும்: வண்டிகளை இன்னும் கொஞ்ச காலம் வைத்திருப்பது. வைத்திருக்கும் வண்டிக்குக் கடன் இருக்கும், கடனுக்கு வட்டி இருக்கும், வயதான எஞ்சினுக்குப் பட்டறைச் செலவு இருக்கும், குளியலறைக் குழாய் ஒழுகும். இவை யாவும் 'வண்டிப்படையை நெகிழ்வாகக் கையாளுதல்' என்ற ஒற்றைத் தலைப்பின் கீழ் ஆண்டறிக்கையில் அடங்கிவிடும். படித்துவிட்டு நிம்மதியாகத் தூங்குகிறீர்களே, அதுதான் நீண்டகால முதலீட்டாளருக்கு அழகு.

உங்கள் பொறுமைக்கு வந்த சோதனைகளும் கொஞ்சமல்ல. 2026 நிதியாண்டில் 10 கோடி நியூசிலாந்து டாலர் லாபம் என்பது நிறுவனத்தின் இலக்காக இருந்தது. 2024 நிதியாண்டுக்கே ஏழரைக் கோடியை ஒட்டி வரும் என்ற எதிர்பார்ப்பு இருந்தது. ஆண்டு முடியச் சில வாரங்கள் இருக்கும்போது அது 5 கோடியிலிருந்து 5.3 கோடி என்று சுருங்கியது. வண்டி விற்பனை எதிர்பார்த்தபடி இல்லையாம். ஓராண்டின் பத்து மாதம் கழிந்த பிறகும் அந்த ஆண்டின் லாபத்தில் மூன்றில் ஒரு பங்கு காணாமல் போகக்கூடிய தொழிலில், பத்தாண்டுக் கணிப்பு அட்டவணை தயாரித்து வைத்திருந்தீர்கள் நீங்கள். மூன்றாம் தசமம்வரை. அடுத்த ஆண்டு சட்டப்படியான கணக்கில் நட்டமே வந்தது. அப்போதும் நீங்கள் கலங்கவில்லை. 'அடிப்படை லாபம்' என்ற இன்னொரு வரி கீழே இருக்கிறதே என்று விரலை அங்கே வைத்தீர்கள்.

பயணிகளாவது கைகொடுத்தார்களா? 2019-ல் நியூசிலாந்துக்கு 38 லட்சத்துக்கு மேல் வந்தார்கள். 2024-ல் 33 லட்சம். 'மீண்டு வருகிறது' என்றீர்கள். ஐந்து ஆண்டாக மீண்டு வருவதை வேறு எப்படிச் சொல்வது.

தனிமையாக உணர வேண்டாம். கார் வாடகையில் ஹெர்ட்ஸ் உங்களுக்கு அண்ணன். 2021-ல் ஒரு லட்சம் டெஸ்லா வாங்கப்போவதாக அறிவித்துச் சந்தையின் கைதட்டலைப் பெற்றது. 2024 ஜனவரியில் 20,000 மின்கார்களை விற்றுத் தலைமுழுகப்போவதாகச் சொன்னது, அதற்காக 24.5 கோடி டாலர் கூடுதல் தேய்மானத்தை எழுதியது. அந்த ஆண்டை ஏறத்தாழ 290 கோடி டாலர் நட்டத்தில் முடித்தது. வாடகைக் கார் நிறுவனம் என்பது வாடிக்கையாளரை ஓட்டவிட்டுப் பழைய கார் வியாபாரம் செய்யும் நிறுவனம் என்பது அதன் பங்குதாரர்களுக்கு ஒரே ஆண்டில் புரிந்துவிட்டது. உங்களுக்கு அவ்வளவு அவசரம் இல்லை.

'புத்தக மதிப்பைவிடக் குறைவாகப் பங்கு கிடைக்கிறது' என்பதுதான் உங்கள் கடைசி அஸ்திரம், அதை மறுக்க யாருக்கும் வாயில்லை. அந்தப் புத்தகத்தில் பெரும்பகுதி வண்டிகள். அந்த வண்டிகளின் மதிப்பு, அவற்றை விற்கும் சந்தை நன்றாக இருக்கும் என்ற நினைப்பில் எழுதப்பட்டது. அந்தச் சந்தை மோசம் என்பதால்தான் பங்கு மலிவு. ஆக, சந்தை மோசமாக இருப்பதால் மலிவான பங்கை, சந்தை நன்றாக இருக்கும் என்று எழுதிய மதிப்போடு ஒப்பிட்டு, லாபம் கண்டுபிடித்திருக்கிறீர்கள். தர்க்கம் வட்டமாக இருந்தால் எங்கேயும் முட்டாது.

உங்கள் கண்ணுக்குத் தெரிந்தது வேறு சிலருக்கும் தெரிந்தது என்பது உண்மைதான். 2025 ஜூனில் பிஜிஎச் கேபிட்டல் என்ற தனியார் பங்கு நிறுவனமும், அப்பல்லோவைத் தொடங்கி நடத்திய ட்ரூஷே குடும்பமும் சேர்ந்து, பங்குக்கு 2.30 நியூசிலாந்து டாலர் என்று பிணைப்பில்லாத ஒரு யோசனையை முன்வைத்தார்கள். அன்றைய சந்தை விலையைவிட ஐம்பது சதவீதத்துக்கும் மேல் கூடுதல். அப்போது உங்கள் முகத்தில் வந்த வெற்றிப் புன்னகையை நினைத்துப் பார்க்கிறேன். அந்தக் குடும்பத்தினர் வண்டி கட்டும் பட்டறையையும், அது கடைசியில் விலைபோகும் முற்றத்தையும் பல ஆண்டுகள் கையாண்டவர்கள்; எந்த விலைக்கு வாங்கினால் கட்டுப்படியாகும் என்று வாயால் சொல்லிவிட்டுத்தான் வந்தார்கள். 2023-ல் மூன்று டாலருக்கு மேல் கொடுத்து நீங்கள் வாங்கிய அதே பங்குக்கு அது 2.30. அதைப் 'பிரீமியம்' என்று நீங்கள் நண்பர்களுக்கு அனுப்பிய குறுஞ்செய்தியில் மூன்று ஆச்சரியக்குறிகள் இருந்தன.