தலையில் எண்ணெய் வைக்காமல் வரவும்

பேங்க் லாக்கர் சாவியைப் பத்திரமான இடத்தில் வைத்தேன். எவ்வளவு பத்திரம் என்றால், எட்டு மாதமாக எனக்கே அகப்படவில்லை.

வைத்தது நான்தான் என்பதில் வீட்டில் கருத்து வேறுபாடு கிடையாது. கொழுந்தியாள் மகள் கல்யாணத்துக்கு நகை எடுக்கப் போய், பேங்க் வாசலில் நான் சட்டைப் பையைத் தடவ ஆரம்பித்தபோதே என் மனைவி திரும்பி நடக்கத் தொடங்கிவிட்டாள். அன்றிலிருந்து சாவியைப் பற்றி அவள் ஒரு வார்த்தை பேசுவதில்லை. பீரோவில் உள்ள புடவையை ஒவ்வொன்றாக எடுத்து உதறுவாள். தலையணை உறையை உதறுவாள். கடைசியில் என்னை ஒரு பார்வை பார்ப்பாள். உதறத்தான் இல்லை.

இந்த லட்சணத்தில், மார்க்கெட்டுக்கு ஸ்கூட்டரில் போனவன் ஷேர் ஆட்டோவில் வீடு திரும்பி, மாலையில் "ஐயோ, வண்டியைக் காணோம்" என்று தெருவையே கூட்டிவிட்டேன். வண்டி கீரைக்காரம்மாவின் பக்கத்தில், அவருடைய சாக்கைப் போர்த்திக்கொண்டு வெயில்படாமல் நின்றுகொண்டிருந்தது. சைக்காலஜி இரண்டாம் வருஷம் படிக்கும் என் மகள் அன்று ராத்திரி தோசை தின்றபடியே தீர்ப்புச் சொன்னாள்: "அப்பாவுக்குக் கவனம்தான் பிரச்சினை. பிரெய்ன் மேப்பிங் பண்ணிப் பார்க்கலாம். தேவைப்பட்டா நியூரோஃபீட்பேக்."

முதலில் டாக்டரிடம் போனோம். தைராய்டு, பி12 எல்லாம் பார்த்தார். எல்லாம் சரியாக இருந்தது. மறதிக்குக் கௌரவமான காரணம் ஒன்று கிடைக்கும் என்று நம்பியிருந்த எனக்குப் பெரிய ஏமாற்றம்.

மேப்பிங் என்ற சொல் வீட்டில் ஒவ்வொருவர் காதிலும் ஒவ்வொரு மாதிரி விழுந்தது. என் மனைவி பல மாத மௌனத்தைக் கலைத்து, "மேப்புன்னா... எதை எங்க வச்சார்னு அதுல தெரியுமாடீ?" என்று மகளிடம் கேட்டாள். திருநெல்வேலியிலிருந்து வந்திருந்த என் அம்மா, "ஏய்யா, மண்டைல கரண்டு வைக்கப் போறாவளாமே?" என்று கலங்கினார். "உள்ள எதுவும் போகாது ஆச்சி. வெளிய வர்றதை மட்டும்தான் பதிவு பண்ணுவாங்க" என்றாள் மகள். அம்மா என் தலையை ஒரு கணம் பார்த்துவிட்டு, "என்னத்தைப் பெருசா வந்துரப் போவுது" என்று சமாதானமாகிவிட்டார்.

எதிர் வீட்டில் இருப்பவர் ஓய்வுபெற்ற ஏட்டையா. விஷயம் தெரிந்ததும் கேட்டைத் திறந்துகொண்டு வந்து, குரலைத் தாழ்த்தி, "என்ன கேஸ் சார்?" என்றார். அவரைச் சொல்லிக் குற்றமில்லை. பத்திரிகைகளில் பிரெய்ன் மேப்பிங் என்றால் நார்கோ அனாலிசிஸுக்கும் பொய் கண்டறியும் சோதனைக்கும் நடுவில் உட்கார்ந்திருக்கும் சமாசாரம். குற்றத்தோடு தொடர்புள்ள சொற்களைக் கேட்கவைத்து மூளை துள்ளுகிறதா என்று பார்ப்பது அது. கிளினிக்கில் செய்வது அதுவல்ல. சும்மா உட்கார்ந்திருக்கும் மூளை எப்படி உட்கார்ந்திருக்கிறது என்று அளப்பது. அதை அவருக்கு விளக்கிய கையோடு, என் சட்ட அறிவையும் வீட்டுக்குக் காட்ட நினைத்தேன். "செல்வி எதிர் கர்நாடக அரசு வழக்கு. 2010-ல் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. இந்தச் சோதனையை ஒருத்தருடைய சம்மதம் இல்லாமல் செய்யவே கூடாது."

"உங்க சம்மதத்தை இப்ப யார் கேட்டா?" என்றாள் என் மனைவி.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு நேரம் கொடுத்திருந்தார்கள். முந்தின நாள் வந்த வாட்ஸ்அப் குறிப்பைத் தேர்வுத்தாள் மாதிரி படித்தேன். நன்றாகத் தூங்கி எழவும். காலையில் காபி, டீ கூடாது. வயிறு காலியாக இருக்கக் கூடாது. தலைக்கு ஷாம்பு போட்டுக் குளித்து, உலர்த்தி, எண்ணெய், கண்டிஷனர் எதுவும் தடவாமல் வரவும். காபி இல்லாத காலை எப்படி விடியும் என்ற கவலையிலேயே முதல் நிபந்தனை போயிற்று. ராத்திரி ஒரு பொட்டுத் தூக்கமில்லை. மற்றதையாவது காப்பாற்றுவோம் என்று குளித்துக் கிளம்பி, அம்மாவிடம் சொல்லிக்கொள்ளக் குனிந்தேன். சனிக்கிழமை. நல்லெண்ணெய்க் கிண்ணம் அவர் கையில் தயாராக இருந்தது. ஐம்பத்து மூன்று வருஷப் பழக்கம். தலை குனிந்ததும் கை தானாக வந்து, உச்சியில் ஒரு குழி நிறைய வைத்து அழுத்தித் தேய்த்துவிட்டது. எனக்கு அது உறைக்கவில்லை. உறைக்காததால்தானே அங்கே போகிறேன்.

கிளினிக்கில் இருந்த பெண் என் தலையைத் தொட்டுப் பார்த்தாள். விரலைப் பார்த்தாள். விளக்கை நோக்கிக் காட்டினாள். "சார், இது..."

"செக்கு எண்ணெய்மா" என்றேன், கொஞ்சம் பெருமையோடு.

எண்ணெய்ப் படலத்தைத் தாண்டி மின்சமிக்ஞை சரியாக வராதாம். திருப்பி அனுப்பிவிட்டார்கள். அடுத்த புதன்கிழமை, அம்மாவைக் கும்பிடாமல் வாசல் வழியே ஓடிப் போனேன்.

தையற்கடையில் ஜாக்கெட்டுக்கு அளவெடுப்பதுபோல முதலில் டேப் வைத்துத் தலையின் சுற்றளவை எடுத்தாள் அந்தப் பெண். "லார்ஜ்" என்றாள். அரைமணி நேரத்தில் நான் கேட்ட முதல் நல்ல வார்த்தை. நீச்சல் தொப்பி மாதிரி ஒன்று. அதில் ஓட்டை ஓட்டையாக 19 மின்முனைகள். மூக்கு தொடங்கும் பள்ளத்திலிருந்து பின்மண்டையில் துருத்தும் மேடு வரை உள்ள தூரத்தை 10 சதவீதம், 20 சதவீதம் என்று பங்கு போட்டு இடம் குறிப்பதால் இதற்கு டென்-ட்வென்டி முறை என்றே பெயர். இடப்பக்கம் ஒற்றைப்படை, வலப்பக்கம் இரட்டைப்படை. எங்கள் பக்கம் வீட்டுமனைப் பிரிவுகூட இவ்வளவு ஒழுங்காக இருந்ததில்லை. ஒவ்வொரு ஓட்டையிலும் முனை மழுங்கிய சிரிஞ்சால் கொழகொழவென்று ஜெல்லை நிரப்பினாள். காது மடலில் ஒரு கிளிப். என் தலையின் முன்பாதி வெட்டவெளி, பின்பாதி புதர். முன்பாதிக்கு வந்ததும் அவள் முகம் மலர்ந்தது. "இங்க காண்டாக்ட் அருமையா இருக்கு சார்." என் வழுக்கையை ஒருவர் மனதாரப் பாராட்டியது அதுவே முதல் தடவை. வீட்டில் சொன்னால் நம்ப மாட்டார்கள் என்று எழுதி வாங்கலாமா என்றுகூட யோசித்தேன்.

திரையில் 19 கோடுகள் நெளிந்து ஓடத் தொடங்கின. நடுவில் ஒரு பெரிய மலை எழுந்தது. "ஆகா" என்றேன்.

"அது கண் சிமிட்டினது சார்."

கோடுகள் எல்லாம் புல் மாதிரிச் சிலிர்த்துக்கொண்டன.

"பல்லைக் கடிக்கிறீங்க. அது தாடைத் தசை."

ஒரு மெல்லிய ஆட்டம்.

"எச்சில் முழுங்குனீங்களா?"

சரி, இதில் மூளை எது என்று கேட்டேன். நான் எதுவும் செய்யாமல் இருக்கும்போது, அடியில் பொடியாக ஓடுவதுதானாம். அதன் வலு சில பத்து மைக்ரோவோல்ட். மகள் மொபைலில் கணக்குப் போட்டுக் காட்டினாள்: 30 மைக்ரோவோல்ட் என்று வைத்துக்கொண்டால், ஒரு சாதாரண டார்ச் செல்லின் 1.5 வோல்ட்டுக்கு 50,000 அப்பாக்கள் வரிசையில் உட்கார வேண்டும்.

கண்ணைத் திறந்து பத்து நிமிடம், மூடிப் பத்து நிமிடம். மூடிய பத்தில் மூன்றாவது நிமிடமே குறட்டை வந்துவிட்டதால் அதை மறுபடி எடுத்தார்கள்.

கண்ணை மூடி விழித்திருந்தால் பின்மண்டையில் விநாடிக்கு எட்டிலிருந்து பன்னிரண்டு தடவை வரை அடிக்கிற அலைக்கு ஆல்ஃபா என்று பெயர். ஜெர்மனியின் யேனா நகரத்து மனநல மருத்துவர் ஹான்ஸ் பெர்கர், 1924-ல் மனித மூளையின் மின்னலையை முதன்முதலாகப் பதிவுசெய்தவர், கண்டது இதைத்தான். மனிதர் தேடிப் போனதோ வேறு. வாலிபத்தில் ராணுவப் பயிற்சியின்போது குதிரையிலிருந்து விழுந்து மயிரிழையில் பிழைத்தார். அன்று மாலையே அப்பாவிடமிருந்து தந்தி: நலமா? வீட்டிலிருந்த அக்காவுக்கு, தம்பிக்கு ஏதோ ஆபத்து என்று மனதில் பட்டதாம். ஒரு மனம் இன்னொன்றுக்கு எப்படிச் சேதி அனுப்புகிறது என்று கண்டுபிடிக்கப் புறப்பட்டவர், மின்சாரத்தில் வந்து நின்றார். அதையும் உடனே சொல்லவில்லை. 1929 வரை ஐந்து வருஷம் திரும்பத் திரும்பச் சரிபார்த்தார். என் மனைவியை அவருக்குத் தெரிந்திருந்தால் முதல் கேள்விக்கும் விடை கிடைத்திருக்கும். நான் ஆபீஸ் கேன்டீனில் இரண்டாவது பஜ்ஜியை எடுக்கும்போது சரியாகப் போன் அடிக்கும்.

ரிப்போர்ட் பதினான்கு பக்கம். பக்கம் முழுக்க வட்டவட்டமாகத் தலைகள், மேலே மூக்குக்கு ஒரு முக்கோணம். பச்சை என்றால் வழக்கமான அளவு, சிவப்பு என்றால் கூடுதல், நீலம் என்றால் குறைவு. முன்நெற்றிப் பக்கம் தீட்டா அலை எனக்குச் செக்கச்செவேல். விநாடிக்கு நாலு முதல் எட்டு வரை அடிக்கும் சோம்பேறி அலை அது. அரைத் தூக்கத்தில் வருவது. "பட்டப்பகல்ல இவ்வளவு இருக்க வேண்டியதில்லை" என்றார் அங்கிருந்த நிபுணர். கூடவே, இந்தப் படத்தை மட்டும் வைத்து எந்த நோயையும் முடிவு கட்ட மாட்டோம் என்றும் நேர்மையாகச் சொன்னார்.

என் மனைவி எல்லாப் பக்கத்தையும் புரட்டினாள். "கூடுதல், குறைச்சல்னு எதை வச்சுச் சொல்றீங்க?"

"இதே வயசுல நார்மலா இருக்கறவங்களோட பதிவு நிறைய சேர்த்து வச்சிருக்காங்கம்மா. அதோட ஒப்பிட்டுத்தான்."

"நார்மலா இருக்கறவங்களுக்குன்னு ஒரு லிஸ்ட் இருக்கா?" என்றாள். நீளமாக ஒரு மூச்சு விட்டாள். "எங்கப்பாகிட்ட அப்பவே குடுத்திருக்கலாமே."

சாவி இருக்கும் இடம் மட்டும் பதினான்கு பக்கத்தில் எங்கும் இல்லை.

நியூரோஃபீட்பேக் என்பது வாரத்துக்கு இரண்டு தடவை, அரைமணி அரைமணியாக, முப்பது தடவை என்று ஏற்பாடு. தலையில் இரண்டு மூன்று மின்முனைதான். எதிரே டிவியில் மலை, அருவி, மான் என்று ஒரு படம் ஓடும். மூளை விரும்பத்தக்க அலையை எழுப்பினால் படம் பளிச்சென்று இருக்கும், "டிங்" என்று ஒரு மணி. தீட்டா ஏறினால் படம் மங்கி, மான் மேகத்துக்குள் போய்விடும். எப்படி எழுப்புவது என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அதுதான் இதன் சூட்சுமம். மணிச் சத்தத்தைக் கேட்டுக் கேட்டு மூளையே பழகிக்கொள்ள வேண்டும். நான் புருவத்தை நெரித்து முயன்றேன். மான் மறைந்தது. மூச்சைப் பிடித்து முயன்றேன். மலையும் போயிற்று. "முயற்சி பண்ணாதீங்க சார்" என்றாள் அந்தப் பெண். முப்பது வருஷமாக வீட்டிலும் ஆபீசிலும் நேர்மாறான புகாரையே கேட்டு வந்தவனுக்கு, காசு கொடுத்த இடத்தில்தான் இந்தச் சொல் கிடைத்தது.

இந்த வித்தையை 1960-களில் முதலில் கற்றவர்களில் சில பூனைகளும் உண்டு. கலிஃபோர்னியாவில் பாரி ஸ்டெர்மன் என்ற ஆராய்ச்சியாளர், அசையாமல் விழிப்போடு இருக்கும்போது பூனை மூளையில் எழுகிற ஓர் அலையைக் கவனித்து, அது எழும்போதெல்லாம் பாலும் கோழிச்சாறும் கொடுத்துப் பழக்கினார். பின்னால் ராக்கெட் எரிபொருளின் நச்சைச் சோதிக்க வந்தபோது, இப்படிப் பழகிய பூனைகள் மட்டும் வலிப்புக்கு எளிதில் ஆளாகவில்லை. வலிப்பு நோயாளிகளுக்கு இந்தப் பயிற்சியைத் தரலாம் என்ற எண்ணம் அங்கிருந்துதான் கிளம்பியது. அதெல்லாம் பெருமைக்குரிய வரலாறுதான். ஆனால் பூனைக்குப் பாலும் சூப்பும், பணம் கட்டிய எனக்கு வெறும் டிங்கா? அன்று சாயங்காலம் வீட்டில் கேட்டேன். அந்த அலை வரட்டும், பார்க்கலாம் என்றார்கள்.

எட்டாவது தடவைக்குப் பிறகு எனக்கு ராத்திரித் தூக்கம் கொஞ்சம் நன்றாக வந்தது. மகளிடம் பெருமையடித்தேன். அவள் முகத்தைக் கோணிக்கொண்டாள். 2021-ல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வை எடுத்துக் காட்டினாள். கவனக்குறைவுள்ள 144 குழந்தைகள். ஒரு பகுதியினருக்கு உண்மையான நியூரோஃபீட்பேக், மற்றவர்களுக்கு முன்பே பதிவான வேறொரு மூளையின் அலையை வைத்துப் போலிப் பயிற்சி. யாருக்கு எது என்று குழந்தைக்கும் தெரியாது, பெற்றோருக்கும் தெரியாது. கடைசியில் இரண்டு கூட்டமுமே நன்றாகத் தேறின. இரண்டுக்கும் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை.

"அப்ப அந்தப் போலிக்கு ரேட் கம்மியா?" என்று கேட்டேன்.

கிண்டலுக்குக் கேட்டாலும் எனக்குள் உறுத்தியது. வாரத்தில் இரண்டு நாள் நாலு மணிக்கு மேல் காபி கிடையாது. போனை வெளியே வாங்கி வைத்துக்கொள்கிறார்கள். அரைமணி நேரம் ஒரு ஏ.சி. அறையில் யாரும் என்னை எதுவும் கேட்பதில்லை, காஸ் புக் பண்ணியாச்சா என்றுகூட. தூக்கம் எதனால் வந்தது என்று நான் எப்படிச் சொல்ல? ஆனாலும் முப்பதுக்கும் பணம் கட்டியாகிவிட்டது. பணம் கட்டிய சிகிச்சையை நடுவில் விடும் அலை எங்கள் பரம்பரையில் யார் மூளையிலும் கிடையாது.

பதினாறாவது தடவை. மான் தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தது. நான் முயற்சி செய்யவில்லை. உண்மையாகவே செய்யவில்லை. டிங், டிங் என்று மணி விழுந்துகொண்டே இருந்தது. உடம்பு எங்கேயோ இருந்தது. அப்போது, கூப்பிடாமலே, அது வந்தது: ஒரு மூடி. என் கை அதைத் திறக்கிறது. உள்ளே பேப்பரில் சுற்றி... சாவி! எந்த அறை, எந்த அலமாரி, பக்கத்தில் என்ன இருந்தது என்பதுவரை பளிச்சென்று தெரிந்தது. நெஞ்சு படபடத்தது.

திரை இருண்டது. மான், அருவி, மலை எதுவும் இல்லை.

"சார், எதையோ யோசிக்கிறீங்க" என்றாள் அந்தப் பெண் அன்பாக. "அதை விட்டுடுங்க. அப்படியே போகட்டும்."

பதினாறு தடவையில் பழக்கப்பட்ட மூளை. விட்டுவிட்டேன். போய்விட்டது. மெல்லமெல்ல மலை திரும்பி வந்தது, அருவி வந்தது, மான் தலை தூக்கி என்னைப் பார்த்தது. அன்றைக்கு 412 புள்ளி. நான் எடுத்ததிலேயே அதிகம். அந்தப் பெண் கை தட்டினாள்.

வீட்டில் செருப்பைக் கழற்றும்போதுதான் அடிவயிற்றில் சுரீர் என்றது. ஞாபகம் வந்தது என்பது ஞாபகம் இருக்கிறது. வந்தது என்ன என்பது இல்லை. மூடி, பேப்பர், அவ்வளவுதான். மனைவியிடம் சொல்லாமல் இருந்திருக்கலாம். சொன்னேன். அவள் கோபப்படவில்லை. புடவைத் தலைப்பை இடுப்பில் செருகிக்கொண்டாள். அம்மா எண்ணெய்க் கிண்ணத்தோடு என் பின்னால் வந்து நின்றார்.

இதை எழுதிக்கொண்டிருக்கும்போது சமையலறையில் 41-வது மூடி திறக்கும் சத்தம் கேட்கிறது.