ஜப்பான் கத்தரி வாங்குவது எப்படி?

காஞ்சிபுரத்தில் சலூன் திறக்கப் போகிறீர்களா? நாற்காலி, கண்ணாடி, ஃபேன் எல்லாம் மச்சான் பார்த்துக்கொள்வார். கத்தரி மட்டும் உங்கள் பொறுப்பு. ரொம்பச் சுலபம். அலகில் 'ஜப்பான் ஸ்டீல்' என்று பொறித்திருந்தால் வாங்கிவிடுங்கள். என்ன ரகம் என்று கேட்டுக் கடைக்காரரைச் சங்கடப்படுத்தாதீர்கள்.

காந்தி ரோட்டில் புடவை எடுக்கும்போது மட்டும் ஜரிகையை உரசி, உள்ளே சிவப்புப் பட்டிழை தெரிகிறதா என்று பாருங்கள். வெள்ளி எத்தனை சதவீதம், தங்கம் எத்தனை என்று மெஷினில் வைத்துக் காட்டச் சொல்லுங்கள். வருஷத்துக்கு நாலு நாள் கட்டுகிற புடவையாயிற்றே! கத்தரி என்ன, தினமும் சோறு போடுகிற சாமான்தானே.

ரகம் தெரிந்தே ஆக வேண்டும் என்கிற பிடிவாதக்காரர்களுக்கு: 420 எஃகில் குரோமியம் சுமார் 13 சதவீதம், கார்பன் குறைவு. துரு ஏறாது, கூரும் நிற்காது. 440சி-யில் கார்பன் 1 சதவீதத்தை ஒட்டி இருக்கும், குரோமியம் 16 முதல் 18 வரை. கார்பன் கூரைத் தாங்கும். குரோமியம் துருவைத் தடுக்கும். விஜி-10-ல் கோபால்ட்டும் சேரும், விலையும் ஏறும். மீரட் கத்தரி பழைய வண்டி இரும்பில் பிறந்தது. காஞ்சிப் பட்டைப் போல அதற்கும் புவிசார் குறியீடு உண்டு, 2013-ல் கிடைத்தது. ஆனால் அதில் 'ஜப்பான்' என்று எழுதியிருக்காதே, யார் மதிப்பார்கள்?

காந்தம் ஒட்டினால் மட்டமான சரக்கு என்று பாத்திரக்கடை ஞானத்தோடு ஒதுக்கிவிடுங்கள். கடினப்படுத்தக்கூடிய 440சி-யில் காந்தம் நன்றாகவே ஒட்டும். அதனால் என்ன? தங்கமாய் மின்னும் 'டைட்டானியம்' கத்தரியை எடுங்கள். டைட்டானியம் வெறும் மேல்பூச்சு. அலகின் வாயில் இருப்பது முதல் சாணையிலேயே போய்விடும்.

பக்கத்துத் தறிக்காரர் ஜரிகை முனை நறுக்கக் கேட்டால் தாராளமாகக் கொடுங்கள். பட்டிழைமேல் சுற்றிய வெள்ளி, செம்புத் தகட்டில் வாய் மழுங்கிவிடும். அப்புறம் முடி அறுபடாது. இரண்டு அலகுக்கும் நடுவே மடங்கி இழுக்கும், நாற்காலியில் இருப்பவர் 'ஸ்ஸ்' என்பார். உடனே தெருச் சாணைக்காரரிடம் நீட்டுங்கள். பொறி பறக்கும், விளிம்பு நீலம் பாயும். அந்த நீலத்தோடு பதமும் போயிற்று. இனி எந்த நாட்டு எஃகானாலும் ஒன்றுதான்.

விளையாட்டு போதும். முதல் கத்தரி வாங்குகிற தம்பிகள் 440சி என்று கேட்டு, பில்லிலும் எழுதி வாங்குங்கள். மிச்சப் பணத்தை, முடிவெட்டும் கத்தரிக்கென்றே கல்லில் தீட்டித் தருபவருக்கு எடுத்து வையுங்கள்.