மூடியைத் தள்ளும் மாவு

கேள்வி: மெய்சிலிர்க்க வைக்கும் அதிசயங்களைப் பார்க்க மலை, கடல் என்று ஊர் ஊராகப் போனால்தான் உண்டா? அடுப்படியே கதியென்று இருக்கும் என்னைப் போன்றவர்களுக்கு அந்தக் கொடுப்பினை கிடையாதா?
– ஒரு வாசகி, கும்பகோணம்

பதில்: அதிசயம் உங்கள் அடுப்படியில்தான் குடியிருக்கிறது, அம்மா! இட்லிக்கு அரைத்து, உப்புப் போட்டுக் கரைத்து மூடி வைக்கிறீர்கள். ஈஸ்ட் இல்லை, சோடா இல்லை. விடிந்தால் மாவு பொங்கி மூடியைத் தள்ளுகிறது. யார் பார்த்த வேலை? உளுந்தோடு ஒட்டி வந்த 'லூக்கனாஸ்டாக்' போன்ற பாக்டீரியாக்கள்! மாவிலுள்ள சர்க்கரையைத் தின்று அமிலத்தையும் கரியமில வாயுவையும் விடுகின்றன. அமிலம் புளிப்பைத் தருகிறது. வாயு மாவைத் தூக்குகிறது. உளுந்தின் கொழகொழப்பு அந்த வாயுவைத் தப்பவிடாமல் பிடித்து வைக்கிறது. கரண்டியால் மாவை மெல்ல விலக்கிப் பாருங்கள், உள்ளே தேன்கூடுபோல் எத்தனை பொந்துகள்! ஒவ்வொன்றும் கண்ணுக்குத் தெரியாத உயிர்கள் விட்ட மூச்சு.

காரணம் தெரிந்தால் வியப்பு போய்விடாது, இரட்டிப்பாகும். அதைத் தேடி ஊர் ஊராகப் போகவும் வேண்டாம். டெல்ஃப்ட் நகரத் துணி வியாபாரி லீவன்ஹூக், 1683-இல் தன் பல்லிடுக்கு அழுக்கையே லென்ஸில் வைத்துப் பார்த்தார். அதில் நுண்ணுயிர்கள் துள்ளி நீந்துவதைக் கண்டு லண்டன் ராயல் சொசைட்டி என்ற அறிவியல் கழகத்துக்குக் கடிதம் எழுதினார். மனித வாய்க்குள் ஓர் உலகமே இருப்பது அப்படித்தான் தெரியவந்தது!

மாவு ஆயிற்றா? அடுத்து, பால் ஏன் தயிராக உறைகிறது, கடுகு ஏன் வெடிக்கிறது என்று கேளுங்கள். ஒரு ஜென்மம் போதாது!